மணியோசை முன்னே, யானை பின்னே

(சொல்லாராய்ச்சிக் கட்டுரை)

நுழையும்முன்

ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதனை ஊரறியச் சொல்வது பழங்காலம்தொட்டு இருந்துவரும் வழக்கம். முரசு, பறை, கட்டியம், தண்டோரா, சுவரொட்டி, தொலைக்காட்சி எனக் கருவிகள் மாறினவே தவிர, வழக்கம் மாறவில்லை. அவ்வாறு முன்கூட்டியே பெரிதாக அறிவிக்கப்பட்ட ஒன்றைக் குறிக்க ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி உண்டு. அதற்கு இணையான தமிழ்ச்சொல் யாது? அதனை எங்கே, எவ்வாறு ஆள்வது? இப்பாடத்தில் காண்போம்.

1. ஒரு மாணவியின் வினா

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் ஆங்கில நாளிதழ்ச் செய்திகளைத் தமிழில் எழுதும் பயிற்சி நடந்தது. புதிய திரைப்படம் ஒன்றைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொண்ட மாணவி ஒருத்தி, முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அங்கே 'மச் ஹெரால்டட்' என்னும் தொடர் இருந்தது.

"ஐயா, இதற்குத் தமிழில் என்ன எழுதுவது?" என்று கேட்டாள்.

நான் சிறிதும் எண்ணிப் பாராமல், "புகழ்பெற்ற என்று எழுதம்மா" என்றேன்.

எழுதத் தொடங்கியவள் சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தாள். "ஐயா, இந்தப் படம் அடுத்த வாரம்தான் வெளிவருகிறது. இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத படம் எப்படிப் புகழ்பெறும்?"

அவள் வினா சரியானது; என் விடை பிழையானது. புகழ் என்பது செயலுக்குப் பின்னால் வருவது. அந்த ஆங்கிலச் சொல்லோ செயலுக்கு முன்னால் எழுப்பப்படும் ஒலியைக் குறிக்கிறது. "நாளை சொல்கிறேன்" என்று அவளிடம் கூறிவிட்டு, அன்று மாலை அகராதிகளைத் திறந்தேன். அந்த மாலையில் தொடங்கிய தேடலே இப்பாடம்.

2. சொல்லின் பிறப்பிடம்

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் 'ஹெரால்ட்' எனப்பட்ட அலுவலர் ஒருவர் இருந்தார். அரசரின் ஆணையை மக்களுக்கு உரக்க அறிவிப்பதும், வீரவிளையாட்டுக் களத்தில் இறங்கும் வீரரின் பெயரையும் குடியையும் எடுத்துக் கூறுவதும் அவர் பணிகள். அவரால் அறிவிக்கப்பட்டது 'ஹெரால்டட்'. மிகுதியாக அறிவிக்கப்பட்டது 'மச் ஹெரால்டட்'. அறிவிப்பு ஏதுமின்றி அமைதியாக வந்தது 'அன்ஹெரால்டட்'.

இவரைப் போன்ற ஒருவர் நம் மரபிலும் உண்டு. அவர் பெயர் கட்டியக்காரர். தெருக்கூத்தில் முதலில் களத்துக்கு வருபவர் இவரே. இன்று நடக்கும் கூத்து எது, இப்போது வரப்போகும் அரசர் யார் என்பனவற்றை அவையோர்க்கு அறிவிப்பார். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடதாரி வெளியே வரும் முன்பே, கட்டியக்காரரின் சொற்களில் அவர் வந்துவிடுவார். கோவில்களில் இறைவன் திருவுலா வரும்போது சிறப்புகளை எடுத்துக் கூறுவதும் கட்டியமே. 'மழைக்குக் கட்டியம் கூறும் கருமேகம்' என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே, 'ஹெரால்ட்' என்னும் வினைக்கு மிக நெருங்கிய தமிழ்த்தொடர் 'கட்டியம் கூறு' என்பதாகும்.

இதற்கு மற்றொரு நல்ல தொடர் 'பறைசாற்று' என்பது. 'பறை' ஒரு தோற்கருவியின் பெயர். 'சொல்லுதல்' என்பதும் அச்சொல்லின் பொருளே. உங்கள் வகுப்பில் மலையாளம் பேசும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மொழியில் இன்றும் 'பறயுக' என்றால் சொல்லுதல். சாற்றுதல் என்றால் பலரறிய அறிவித்தல். எனவே, பறையை முழக்கிச் செய்தியை அறிவிப்பது பறைசாற்றுதல் ஆயிற்று.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஊர்தோறும் தண்டோரா போட்டுச் செய்தி சொன்ன மக்களை அந்த ஊர்களே சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தன. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவரின் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அப்போது தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைக் கொண்டு செய்தி அறிவித்தால் போதும் என்பது அதன் கருத்து. வழக்கம் விலகலாம், சொல் நிற்கும். அச்சொல்லை ஆளும்போது, அதனைத் தம் தோளில் சுமந்தவர்களை மதிப்போடு நினைப்பது நம் கடமை.

3. செங்கோட்டையின் முரசு மண்டபம்

தில்லியில் வாழும் உங்களுக்கு முன்னறிவிப்பின் பழைய வடிவத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக்குள் லாகூர் வாயில் வழியாக நுழைந்து, கடைவீதியைக் கடந்து சென்றால், செந்நிறக் கல்லாலான மூன்றடுக்கு மண்டபம் ஒன்று எதிர்ப்படும். அதன் பெயர் நௌபத் கானா. நக்கார் கானா என்றும் சொல்வர். நக்காரா என்பது பெருமுரசு. நம் கோவில்களில் ஒலிக்கும் 'நகரா' என்னும் முரசின் பெயரும் அதுவே.

முகலாயர் காலத்தில் அந்த மண்டபத்தில் நாள்தோறும் ஐந்து வேளை இசை முழங்கியது. அரச குடும்பத்தினரின் வருகையையும் அங்கிருந்து முரசொலி அறிவித்தது. யானைமீது வருவோர் அவ்வாயிலில் இறங்கி, அப்பால் நடந்தே செல்ல வேண்டும். அதனால் அதற்கு 'ஹாத்தி போல்', அதாவது யானை வாயில், என்ற பெயரும் உண்டு. முரசும் யானையும் அங்கே ஒரே வாயிலில் சந்தித்தன.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் பழமொழி. யானையின் கழுத்தில் கட்டிய மணி, யானையைக் காண்பதற்கு முன்பே அதன் வருகையை உணர்த்திவிடும். இப்பழமொழியை அளவுகோலாகக் கொண்டால், முன்னறிவிப்பு பெற்ற எதனையும் நாம் ஒரு வினாவால் அளக்கலாம்: மணியோசை கேட்டது, யானை வந்ததா?

4. புகார் நகரத்து விழா

முன்னறிவிப்பையே முதற்காட்சியாகக் கொண்ட தமிழ்க் காப்பியம் மணிமேகலை. அதன் முதல் காதையின் பெயர் 'விழாவறை காதை'. விழாவை அறைதல் என்றால் விழாவை முரசறைந்து அறிவித்தல்.

புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திரவிழா வரப்போகிறது. வச்சிரக்கோட்டத்து முரசை யானையின் மீது ஏற்றி, முரசறைவோன் நகரெங்கும் அறிவிக்கிறான். தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். நிறைகுடமும் பாவை விளக்கும் வைக்கச் சொல்கிறான். பல சமயத்து அறிஞர்களைப் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிட அழைக்கிறான். இன்று நாம் காணும் பட்டிமன்றத்தின் பெயர் அங்கிருந்து வந்ததே. பகைவரிடத்தும் சினமும் பூசலும் வேண்டா என்று அறிவுறுத்துகிறான். பசியும் பிணியும் பகையும் நீங்குக என வாழ்த்தி முடிக்கிறான்.

இவ்வளவு முழக்கத்துக்குப் பின் அடுத்த காதையில் என்ன நிகழ்கிறது? விழாவில் ஆட வேண்டிய மாதவி வரவில்லை. அவள் மகள் மணிமேகலையும் வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. மாதவியின் தாய் சித்திராபதி வருந்தி, தோழி வயந்தமாலையைத் தூது அனுப்புகிறாள். கோவலனின் மறைவுக்குப் பின் துறவு பூண்ட மாதவியோ, தன் மகள் தவநெறியில் செல்வாளேயன்றி ஆடரங்கிற்கு வாராள் என்று மறுத்துவிடுகிறாள்.

முரசறைந்து அறிவிக்கப்பட்டது இந்திரவிழா. காப்பியம் பெயர் பெற்றதோ அவ்விழாவிற்கு வராத பெண்ணால். பிற்பாடு அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்தவள் அவள். கட்டியம் இன்றி வருவதும் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

5. நம் காலத்து மணியோசைகள்

*அ) தில்லி மெட்ரோ*

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று தில்லி மெட்ரோவின் முதல் தடம் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் அந்நாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய். மறுநாள் பொதுமக்கள் ஏறலாம் என்றதும், வேலைக்குச் செல்வோர் மட்டுமின்றி வேடிக்கை பார்ப்போரும் இலட்சக்கணக்கில் திரண்டனர். கூட்டத்தைத் தாங்க முடியாத மெட்ரோ நிறுவனம், நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க நேர்ந்தது. மெட்ரோ நிலையாக இங்கேயே இருக்கப்போகிறது. உல்லாசப் பயணத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள் என்பது அதன் சாரம். 'வாருங்கள்' என்று அழைக்கும் விளம்பரங்களுக்கு நடுவே 'பிறகு வாருங்கள்' என்று கேட்டுக்கொண்ட அரிய விளம்பரம் அது! இங்கே மணியோசையும் கேட்டது, யானையும் வந்தது. இன்று உங்களுள் பலர் அதில் ஏறியே பள்ளிக்கு வருகிறீர்கள்.

*ஆ) நானோ மகிழுந்து*

2008-ஆம் ஆண்டு சனவரி 10 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் நடந்த வாகனக் கண்காட்சியில், டாட்டா நிறுவனம் நானோ என்னும் சிறு மகிழுந்தை அறிமுகம் செய்தது. ஒரு இலட்சம் ரூபாய் மகிழுந்து என்று உலக நாளிதழ்கள் எல்லாம் எழுதின. இருசக்கர வண்டியில் நால்வராக நெருங்கிச் செல்லும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான ஊர்தி என்பது அதன் நோக்கம். 2009-இல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தனர்.

பின்னர் நிலைமை மாறியது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலம் பற்றிய போராட்டத்தால், ஆலை 2008-ஆம் ஆண்டிலேயே குசராத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அதனால் வண்டிகள் வந்து சேரக் காலம் தாழ்ந்தது. சில வண்டிகளில் தீப்பற்றிய செய்திகள் அச்சம் தந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 'மிக மலிவான மகிழுந்து' என்னும் விளம்பரச் சொல்லே அதற்கு எதிராக நின்றது. மகிழுந்து வாங்குவோர் மதிப்பையும் சேர்த்தே வாங்குகின்றனர். மலிவு என்று உலகமே அறிந்த ஒன்றைத் தம் வாசலில் நிறுத்தப் பலர் தயங்கினர். மலிவு என்று முன்னிறுத்தியது தவறு என்பதை இரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018-இல் உற்பத்தி நின்றது. மணி பெரிதாக ஒலித்தது, யானையும் வந்தது, ஆனால் மணியின் ஓசையே அதன் நடைக்குத் தடையாயிற்று.

*இ) சந்திரயான்*

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று அதிகாலை, நாடே உறங்காமல் காத்திருந்தது. சந்திரயான்-2 விண்கலத்தின் தரையிறங்கி நிலவின் தென்துருவப் பகுதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வினாடி வினாவில் வென்ற பள்ளி மாணவர்கள் பெங்களூரு மையத்துக்கு அழைக்கப்பட்டிருந்தனர். நிலவுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது. ஆனால் நிலவைச் சுற்றிய கலம் தொடர்ந்து பணியாற்றியது. அறிவியலாளர்களும் பணியை விடவில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலவில் மெல்ல இறங்கியது.

அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்தில் இரயில்வே பள்ளியில் பயின்ற, இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். அந்நாள்வரை பொதுமக்களுள் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டதில்லை. இங்கே திட்டம் பறைசாற்றப்பட்டது. மனிதர் பறைசாற்றப்படாமல் வந்தார். யானை நான்கு ஆண்டுகள் பிந்தி வந்தது, ஆயினும் வந்தது.

6. சொல்லை ஆளும் முறை

இப்போது மாணவியின் வினாவுக்கு விடை கூறலாம். 'பெரிதும் பறைசாற்றப்பட்ட' என்பதே பொருத்தமான தமிழ். இதன் அமைப்பைக் காண்க.

பறைசாற்று + படு + அ = பறைசாற்றப்பட்ட. இது செயப்பாட்டுவினைப் பெயரெச்சம். பெயருக்கு முன் நின்று அடையாகிறது. 'பெரிதும்' என்பது வினையடை.

நெருங்கிய பொருளுடைய சொற்களை வேறுபடுத்தி அறிக:

* *புகழ்பெற்ற*: செயலுக்குப் பின் வருவது, கண்டோர் தந்த மதிப்பு.
* *பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட*: செயலுக்கு முன் வருவது, கேட்போர் நெஞ்சில் பிறப்பது.
* *பெரிதும் பறைசாற்றப்பட்ட*: செயலுக்கு முன் வருவது, சொல்வோர் வாயில் பிறப்பது.
* *கட்டியமின்றி வந்த*: முன்னறிவிப்பு ஏதுமின்றி வந்தது.

பறைசாற்றப்பட்டது எல்லாம் எதிர்பார்க்கப்படும் என்பதில்லை. தெருவெங்கும் சுவரொட்டி ஒட்டியும் ஒருவரும் காத்திராத படங்கள் உண்டு. இந்த அடைமொழி தன்னளவில் ஒன்றைப் புகழ்வதும் இல்லை, இகழ்வதும் இல்லை. பின்வரும் வினையே தீர்ப்பை வழங்குகிறது.

'பெரிதும் பறைசாற்றப்பட்ட பாலம் குறித்த நாளில் திறக்கப்பட்டது.' இங்கே நிறைவு.

'பெரிதும் பறைசாற்றப்பட்ட பாலம் முதல் மழைக்கே விரிசல் கண்டது.' இங்கே ஏமாற்றம்.

ஆயினும் நாளிதழ்களில் இத்தகைய அடைமொழியைக் கண்டதும் படிப்பவர் மனம் 'ஆனால்' என்னும் சொல்லை எதிர்நோக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, பாராட்ட விரும்பும் இடத்தில் இதனைக் கவனத்தோடு ஆளுங்கள். வரவேற்புரையில், 'பெரிதும் பறைசாற்றப்பட்ட நம் தலைமை விருந்தினரே' என்று கூறினால் விருந்தினர் முகம் சுளிப்பார். அங்கே 'நாம் ஆவலோடு எதிர்பார்த்திருந்த' என்பதே தகும்.

பேச்சுத்தமிழில் இவ்வளவு நீண்ட தொடர் வராது. "ஆகா ஓகோன்னு சொன்னாங்களே, அந்தப் படம்" என்பார்கள். இளைஞர்கள் "ரொம்ப பில்டப்பு" என்பார்கள். பேச்சுக்கு அது தகும்; கட்டுரைக்கு இது தகும். இரண்டும் அறிந்திருப்பதே மொழியறிவு.

7. பறைசாற்றப்பட்ட பேரன்

இப்பாடத்தை வகுப்பில் நடத்திய நாளில், மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில் தனக்கு நேர்ந்ததைக் கூறினான். அவன் ஊர் சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர். அவன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அப்பத்தா தெரு முழுவதும் சொல்லிவிட்டாராம்: "டெல்லியிலருந்து என் பேரன் வர்றான். இந்தி, இங்கிலீசு எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

ஊர்க் கோவில் திருவிழாவின்போது, நன்கொடையாளர் பெயர்ப்பட்டியலை ஒலிபெருக்கியில் படிக்க அவனையே அழைத்தனர். பட்டியல் தமிழில் இருந்தது. இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவன், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். 'ளகரம்' 'லகரம்' ஆயிற்று. பந்தலில் சிலர் சிரித்தனர். அவன் நா உலர்ந்து நின்றான்.

அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த அப்பத்தா எழுந்தாராம். "மெதுவாப் படிய்யா. நாங்க எங்கயும் போகல" என்றாராம்.

அவன் முழுப் பட்டியலையும் படித்து முடித்தான்.

"அந்த ஊருக்கு இனிப் போகவே கூடாது என்று நினைத்தேன் ஐயா. இப்போது அடுத்த முறை பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்றான்.

மாணவர்களே, உங்களுள் பெரும்பாலோர் இப்படிப் பறைசாற்றப்பட்ட பேரப்பிள்ளைகளே. உங்கள் வருகையைத் தாத்தாவும் பாட்டியும் ஊருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். அது சுமையாகத் தோன்றலாம். ஆனால் விளம்பரம் செய்பவருக்கும் அன்பினால் பறைசாற்றுபவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விளம்பரம் செய்பவர் பொருள் விற்றதும் போய்விடுவார். அன்பினால் பறைசாற்றியவர், யானை பிந்தி வந்தாலும் வாசலில் காத்திருப்பார்.

சொல்லும் பொருளும்

கட்டியம் – வருவோரின் பெருமையை முன்னின்று அறிவிக்கும் உரை
சாற்றுதல் – பலரறிய அறிவித்தல்
அலர் – ஊரார் பழிச்சொல்
காதை – காப்பியத்தின் உட்பிரிவு
தண்ணீர் பட்ட பாடு – மிக எளிதாகக் கைவந்தது

பயிற்சி

1. 'புகழ்பெற்ற', 'பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட', 'பெரிதும் பறைசாற்றப்பட்ட' ஆகிய மூன்றனையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

2. பொருத்தமான அடைமொழியால் நிரப்புக.
 அ) ………………… புதிய பூங்கா திறப்புவிழா மழையால் ஒத்திவைக்கப்பட்டது.
 ஆ) ………………… ஒரு சிறு நூல் எங்கள் வகுப்பில் அனைவரையும் கவர்ந்தது.
 இ) உலகப் ………………… தாஜ்மகால் ஆக்ராவில் உள்ளது.

3. 'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை', 'நிறைகுடம் தளும்பாது' ஆகிய பழமொழிகள் இப்பாடத்தின் கருத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன? ஐந்து வரிகளில் எழுதுக.

4. விழாவறை காதையில் முரசறைவோன் கூறிய செய்திகளைப் பின்பற்றி, உங்கள் பள்ளிப் பொங்கல் விழாவுக்கு ஓர் அறிவிப்பு எழுதுக. நடவாத எதனையும் அறிவிப்பில் சேர்க்காதீர்கள்.

5. இந்த வார நாளிதழில் பெரிதாக அறிவிக்கப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறித்து வைக்க. ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில், 'யானை வந்ததா?' என்னும் வினாவுக்கு விடை எழுதுக.

6. ஊரில் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் ஒருவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. பிழை வந்தால் அடித்துத் திருத்துங்கள். பிறர் கையால் எழுதுவிக்காதீர்கள். எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதே இப்பயிற்சியின் நிறைவு.